சுருட்ட முடியாத பாய்கள்

மலாயாவில், கெடாவில் ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவர் பங்களாவில் ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்து, மரத்தில் பால் இருந்தும் வாங்க ஆளில்லாமல், அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கும் கிழங்கு தீர்ந்தபோது அதன் இலையுமாகச் சனம் தின்றுகொண்டிருந்த காலத்தில், தைப்பொங்கல் முடிந்த ஒரு காலையில், லாரிகள் வந்து வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒரு ஆண் என்று ஏற்றிக்கொண்டு சயாமுக்குப் போயின. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள் என்றார் பெரியண்ணன் கங்காணி. மூன்றே மாதம், வயிறு நிறையச் சோறு, வரும்போது ஆளுக்கொரு வேட்டி என்றார். நம்பாதவர்களுக்காகத் தன் ஒரே மகன் சின்னப்பனையும் மேஸ்திரி வேலை என்று சொல்லி முதல் லாரியில் முன்பக்கம் ஏற்றி உட்கார வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் பாவாயி தன் புருஷன் சடையனின் பாயைச் சுருட்டப் போனாள். பாய் வரவில்லை. தரை ஈரத்தில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். ஓரம் கிளம்பியது, நடுப்பாகம் கிளம்பவில்லை. சடையன் அந்தப் பாயில் படுத்திருந்தால் எப்படிக் கிளம்பாதோ அப்படித்தான் கிளம்பவில்லை. அவள் கையை வைத்துத் தடவினாள். கோரையைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அத்தாயியைக் கூப்பிட வெளியே வந்தபோது, அத்தாயி தானே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"புள்ள, எங்க வீட்டுக்காரரு பாயி வரமாட்டேங்குது. ஒரு கை புடி."

"எங்க வீட்லயும்தான்க்கா."

இரண்டு பேரும் அத்தாயியின் புருஷன் மூக்கனின் பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மூக்கன் தடித்த ஆள். பாய் ஒரு சாண் நகர்ந்து நின்றது. அத்தாயி மூச்சு வாங்கிக்கொண்டு, "அவருதான். கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாரு, இப்பவும் அப்படித்தான்" என்றாள்.

உச்சிப்பொழுதுக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆண் போன வீடு எல்லாவற்றிலும் அவனவன் பாய் அவனவன் கனத்தோடு கிடந்தது. யாரும் அலறவில்லை, யாரும் குறி கேட்க ஓடவில்லை. எங்கள் சனத்துக்கு அன்று இருந்த கவலை, பாய் கிடக்கும் இடத்தை எப்படிக் கூட்டுவது, அடுப்புக்குப் போகும் வழியில் கிடந்தால் எப்படித் தாண்டுவது என்பதாகத்தான் இருந்தது. படுத்திருப்பவனைத் தாண்டக் கூடாது என்பதால் பிள்ளைகள் சுவரோரம் ஒண்டி நடக்கப் பழகினார்கள். கோழி ஏறினால் விரட்டினார்கள். சாயங்காலம் வேலைவெட்டி முடிந்து பெண்கள் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொன்னார்கள், நீ சொல்லாமல் போன கடன் இது, உன் தம்பி பெண்டாட்டி இன்று சண்டைக்கு வந்தாள் என்று; பதில் வராததில் அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் களைத்து வந்து படுத்த ஆண்கள் முன்பும் பதில் சொன்னதில்லை.

மாசி கழிந்து பங்குனியில் ஒருநாள் பாவாயி கூட்டுவதற்காகப் பாயை ஒதுக்கினாள், ஒற்றைக் கையால். ஒதுக்கிவிட்டு, துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுவரை இரண்டு கையும் முழங்காலும் கொடுத்துத் தள்ளிய பாய்.

தோட்டத்து ஸ்டோரில், ரப்பர் கட்டுகளை நிறுக்கும் இரும்புத் தராசு உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வேலை நடந்த நாளில் ஆண்கள் சிரித்துக்கொண்டு அதன் தட்டில் ஏறி நின்று, யார் கனம் அதிகம் என்று பந்தயம் கட்டுவார்கள். அதனால் யார் எத்தனை கட்டு ரப்பருக்குச் சமம் என்று ஊருக்கே தெரியும். சாவி கங்காணியிடம் இருந்தது. பெண்கள் போய்க் கேட்டபோது, "பாயி நிறுக்கப் போறீங்களாக்கும்" என்று சிரித்தபடி கொடுத்தார்.

பாய்களைத் தூளி மாதிரி நாலு மூலையும் கட்டித் தூக்கி வந்தார்கள். சடையன் பாதி ஆளாகியிருந்தான். மூக்கன் அதற்கும் கொஞ்சம் அதிகம். யார் பாயும் லாரி ஏறிய நாள் கனத்தில் இல்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள், வழியெல்லாம் மெதுவாக, மேடு பள்ளத்தில் குலுங்காமல்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் நிம்மதி என்பது இல்லாமல் போயிற்று. பெண்கள் பாயின் தலைமாட்டில் கஞ்சி வைத்தார்கள். ஆறியதும் பிள்ளைகள் குடித்தார்கள். ஒருத்தி தான் தின்னாத கவளம் அவனுக்குப் போய்ச் சேரும் என்று பட்டினி கிடந்து மயங்கி விழுந்தாள். வெயிலில் போட்டால் தெம்பு வரும் என்று ஒருத்தி பாயை இழுத்து வாசலில் போட்டாள். அங்கே அவர்களை வெயில்தான் கொல்கிறதோ என்று இன்னொருத்தி கேட்க, பதறிப் போய் உள்ளே இழுத்துக்கொண்டாள். உட்கார்ந்தவள் எழுந்தாள், எழுந்தவள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் பாயை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். கிழங்கு தோண்டப் போனவள் பாதியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

சித்திரையில் ஒரு வாரம் எல்லாப் பாயும் கனம் கூடின. ஸ்டோரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சோறு போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அந்தப் பக்கம் போனவர் உள்ளே வந்து, தராசைப் பார்த்து, கூடியது எவ்வளவு, எத்தனை நாளில் என்று விசாரித்தார்.

"அது சதை இல்லம்மா. தண்ணி. சத்தில்லாத சோறு தின்னா காலு கையெல்லாம் நீர் கோத்துக்கும்."

"வத்திருமா ஐயா?" என்றாள் பாவாயி.

"வத்தும்" என்றார் டிரஸ்ஸர். எப்படி வற்றும் என்று அவர் சொல்லவில்லை.

வைகாசியில் முதல் பாய் பறந்தது. கடைசி வீட்டு வெள்ளையம்மா சோறாக்கிக்கொண்டிருந்தபோது வாசல் வழியாக ஒரு காற்று வந்தது. அவள் புருஷன் பாய் எழும்பி, சுவரில் மோதி, கதவைத் தாண்டி வெளியே போயிற்று. அவள் கரண்டியோடு பின்னால் ஓடினாள். லயத்துக் கோடியில் முள்வேலியில் அது சிக்கிக் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். வெறும் பாய், கோரையின் கனம் மட்டும். அவள் அழுவதற்கு முன்னால் மற்ற பெண்கள் தங்கள் தங்கள் வீட்டுக்குள் ஓடித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் வந்தார்கள். அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

உடம்பு இல்லாத சாவுக்கு என்ன செய்வது என்று லயம் கூடிப் பேசியது. பாயை எரிக்கலாம் என்றார்கள் சிலர், வேண்டாம் என்றார்கள் பெண்கள். கடைசியில் பாயைக் குளிப்பாட்டுவது போல நனைத்துக் காயவைத்து, சுருட்டி, பரணில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் பால் தெளிப்பது என்று முடிவாயிற்று. ஆனி மாதத்தில் பரணுக்குப் போன பாய்கள் அதிகம். ஒரே பகலில் இரண்டு மூன்று வீட்டில் ஒப்பாரி கேட்டது. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் சனம் லயத்து நடுவில் நின்று தத்தளித்தது.

ஆடி அமாவாசை வந்தது. செத்துப்போன மாமனாருக்கு அத்தாயி படையல் போட வேண்டும், அதற்குத் தரை மெழுக வேண்டும், மெழுகுவதற்கு மூக்கனின் பாயை ஒதுக்க வேண்டும். அந்த நாளில் அது ஒரு பிள்ளை கனம்தான் இருந்தது. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் இழுத்தபோது அசையவில்லை. பாவாயியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. அவன் லாரி ஏறிய நாள் கனத்தைவிட அதிகமாக, மூக்கன்மேல் இன்னும் யாரோ ஏறிப் படுத்த மாதிரி அழுந்திக் கிடந்தது.

"தண்ணி கோத்திருக்குமோ" என்றாள் பாவாயி.

"ஒரே நாள்லயா? இல்ல புள்ள. அமாவாசைன்னு நல்லா சாப்பாடு போட்டிருப்பாங்க" என்றாள் அத்தாயி. அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. பாய் ஓரத்தில் கையை ஊன்றி, "மெதுவாத் தின்னுங்க, விக்கிக்கப் போவுது" என்றாள். பாயைச் சுற்றி மெழுகிவிட்டுப் படையலை ஒரு ஓரமாகப் போட்டார்கள்.

மறுநாள் பொழுது விடியும்போது பாய் லேசாகிவிட்டது. அத்தாயி அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பாவாயிதான் முதலில் பார்த்தாள்.

ஆவணி மாதம் ஜப்பான் அதிகாரி ஒருவன் மொழி தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு கங்காணி வீட்டுக்கு வந்து, மிச்சமிருக்கும் ஆண்களை மறுநாள் காலையில் மைதானத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். அதில் அத்தாயியின் மூத்த மகன் முத்தையனும் சேர்த்தி. மீசை அரும்பத் தொடங்கிய வயது. சேதி தெரிந்ததும் பெண்கள் ஸ்டோருக்கு முன்னால் கூடினார்கள். கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"பொம்பளைங்க பாயத் தூக்கிப் பார்த்தத வச்சு நான் ஆள் குடுக்காம இருக்க முடியுமா? என் தல போயிரும்" என்றார்.

பாவாயி முன்னால் வந்தாள். அதுவரை அவள் கங்காணியிடம் நிமிர்ந்து பேசியவள் இல்லை.

"உங்க மகன் பாயக் கொண்டாரச் சொல்லுங்க ஐயா. நிறுத்துப் பார்ப்போம். கனமா இருந்தா எங்க ஆம்பளைங்கள நாங்களே கொண்டாந்து லாரியில ஏத்தறோம்."

"அவன் மேஸ்திரி. நாற்காலியில உக்கார்ற வேலை அவனுக்கு."

"அப்ப நிறுக்கறதுக்கு என்னங்க?"

கங்காணி பேச வாயெடுத்தபோது கூட்டம் விலகியது. அவர் மனைவி வந்துகொண்டிருந்தாள். எலும்பும் தோலுமான பெண்பிள்ளை அவள், குடத்தைத் தூக்கினாலே ஆடுவாள். அவள் தன் மகனின் பாயை நாலு மூலையும் கட்டி ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருத்தியாக, நேராக நடந்து வந்தாள். சின்னப்பன் எங்கள் தோட்டத்திலேயே வாட்டசாட்டமான பையன். அவள் ஒருத்தியாகத் தூக்கி வந்ததே போதுமானதாக இருந்தது. ஆனாலும் நிறுத்தார்கள். தராசின் மறுதட்டில் பாவாயி ரப்பர் கட்டு ஒன்றை வைத்தாள். பாய் மேலே போயிற்று. அந்தக் கட்டைப் பிரித்துப் பாதியை உருவினாள். அப்போதும் பாய் மேலேயே நின்றது.

கங்காணி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூளிக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார். கொக்கியிலிருந்து அதை விடுவிக்கச் சொன்னார். குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

"எத்தன நாளா இப்படி?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க கேக்கல. நான் சொல்லல."

அன்று பொழுது சாய்வதற்குள் அவரே வீடு வீடாகப் போய் ஆண்களை மலைக்காட்டுக்குள் போகச் சொன்னார். மறுநாள் அதிகாரி வந்தபோது, வாந்திபேதி, எல்லாரும் செத்துவிட்டார்கள் என்றார். சாட்சிக்கு, பரணிலிருந்த பாய்களை இறக்கி வாசல் வாசலாகப் போட்டு, தலைவிரி கோலமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அழுததில் நடிப்பு எதுவும் இல்லை. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். சில நாள் கழித்து மலையில் புகை தெரிந்தது என்று யாரோ சொல்லக் கேட்டு ஜப்பான்காரர்கள் வந்து கங்காணியைக் கூட்டிப்போனார்கள். வாய் வழியாகத் தண்ணீரை ஊற்றி வயிற்றில் ஏறி மிதித்தார்களாம். அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது ஒரு கையும் ஒரு காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை; அதற்குள் சின்னப்பனின் பாயும் பரணுக்குப் போயிருந்தது. மலைக்குப் போன ஆண்களில் ஒருவரும் பிடிபடவில்லை. முத்தையன் உயிரோடு இருந்தான்.

இன்னும் இரண்டு வருடம் கழித்து ஜப்பான்காரன் தோற்றான். அதற்குள் லயத்தில் எல்லாப் பாயும் பரணில் இருந்தன, ஒன்றைத் தவிர. சடையனின் பாய் ஒரு கட்டத்தில் கைக்குழந்தை கனத்துக்கு இறங்கிவிட்டது. பாவாயி அது பறந்துவிடுமோ என்று கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அது ஏற ஆரம்பித்தது. மெல்ல மெல்ல, மாதாமாதம், ஒற்றைக் கைக்கு அடங்காமல் ஆகி, பிறகு இரண்டு கைக்கும் அடங்காமல் ஆயிற்று. வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்து லயத்தைச் சுற்றிப் பார்த்தபோது இதென்ன என்று குனிந்து தூக்கிப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்த வருடம் எல்லா வீட்டுக்கும் சிமெண்ட் தரை போட உத்தரவானபோது பாவாயி வீட்டில் மட்டும் பாயைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனார்கள்.

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்தப் பாயின்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கங்காணி மனைவி தினமும் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். "நீ கொடுத்து வச்சவ" என்று சொன்னார்கள். சயாமிலிருந்து மற்ற தோட்டத்து ஆட்கள் சிலர் திரும்பி வந்தார்கள்; சடையன் வரவில்லை. பாய் அவன் கல்யாணம் பண்ணின நாளில் இருந்த கனத்துக்கு வந்து, அதையும் தாண்டியது. அப்புறம் பெண்கள் பேச்சு மாறியது. எவளோ ஒருத்தி நன்றாகத்தான் சோறு போடுகிறாள் என்றார்கள், பாவாயி காதுபடவே. பாவாயி பால் வெட்டப் போகிற வழியில் நின்று திரும்பி வந்தாள், வந்தவள் மறுபடி போனாள். உலை வைத்து அரிசி போட மறந்தாள். ஊரெல்லாம் விதவையாக இருக்கும் இடத்தில் தாலியோடு இருப்பது அவளுக்குக் கழுத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது.

"போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்றாள் அத்தாயி.

"நீ எதுக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரரு எங்க கெடக்காருன்னு உன் புருஷனக் கேக்கணும்."

இரண்டு பெண்களும் எல்லை தாண்டி, தெரியாத பாஷையில் வழி கேட்டு, ஆட்கள் கைகாட்டிய திசையெல்லாம் அலைந்து, கடைசியில் அந்தப் பாதை தொடங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தாயி ஏற மாட்டேன் என்றாள். அதனால் தண்டவாளத்தை ஒட்டியே, மூங்கில் காட்டின் வழியாக, ஆற்றைப் பார்த்தபடி நடந்தார்கள். தமிழர் முகாம் ஒன்றில் விசாரித்தபோது, மலைச்சரிவில் பூசணி போட்டுக்கொண்டு தனியாக ஒருவன் இருக்கிறான், யார் கூப்பிட்டும் ஊருக்கு வரமாட்டேன் என்கிறான் என்றார்கள்.

சடையன் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். தொப்பை போட்டிருந்தது. அவர்களைப் பார்த்து அவன் ஓடி வரவும் இல்லை, ஓடிப் போகவும் இல்லை. குடிசையில் வேறு பெண் இல்லை, வேறு யாரும் இல்லை. கை கழுவிவிட்டுச் சோறும் பூசணிக் குழம்பும் எடுத்து வைத்தான். அவர்கள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கீங்க மாமா" என்றாள் பாவாயி.

"ம்."

"பின்ன ஏன் வரல?"

"பசி தீர மாட்டேங்குது புள்ள. தின்னுக்கிட்டே இருக்கேன். தின்னா கொஞ்ச நேரம் ஒண்ணும் ஞாபகம் வரதில்ல." சடையன் அத்தாயியைப் பார்த்தான், பார்வையை எடுத்துக்கொண்டான். "நான் எப்படி லயத்துக்குள்ள வருவேன்? எத்தன வாசலத் தாண்டி எங்க வீட்டுக்கு வரணும்."

அத்தாயி தட்டை நகர்த்தி வைத்தாள். "எங்க வீட்டுக்காரர எங்க போட்டீங்க தம்பி?"

அவன் ஆற்றுப் பக்கம் கை காட்டினான். பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். வாந்திபேதி வந்தபோது நோயாளிகளை வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்கள். குழி வெட்ட, தூக்கிப் போட, மண் தள்ள அவனைப் போட்டார்கள்; அந்த வேலைக்கு மட்டும் இரண்டு பங்கு சோறு. அதனால்தான் பிழைத்தான்.

"ஆடி அமாவாசை அன்னிக்கு, உச்சிப்பொழுதுல, அண்ணனத் தூக்கிட்டுப் போனோம். செத்துட்டாருன்னுதான் நெனச்சேன். குழியில விட்டப்புறம் கண்ணத் தெறந்து பார்த்தாரு அண்ணி. 'தம்பி'ன்னாரு. பின்னால ஜப்பான்காரன் துப்பாக்கியோட நிக்கிறான். நான் மண்ணத் தள்ளுனேன்."

பாவாயிக்கு அந்த அமாவாசைச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பேர் இழுத்தும் அசையாமல் அழுந்திக் கிடந்த கனம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் அத்தாயியைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தாள். அத்தாயி இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அமாவாசைக்கா?" என்றாள் அத்தாயி. "நீங்க நாளத் தப்பா வச்சிருக்கீங்க. இல்லன்னா ஆளத் தப்பா வச்சிருக்கீங்க. அவரு பாயி முந்தின நாள் காலையிலயே பறந்துருச்சு."

"பாயா?"

பாவாயி பாய்களைப் பற்றி எடுத்துச் சொன்னாள். சடையன் கேட்டுக்கொண்டான், அவன் அங்கே பார்த்ததற்குப் பக்கத்தில் வைத்தால் பாய் கனப்பது அவனுக்குப் பெரிய அதிசயமாக இல்லை.

"முந்தின நாளே போயிட்டாரு" என்றாள் அத்தாயி மறுபடி. "நீங்க போட்டது பொணம்."

"கண்ணத் தெறந்தாரு அண்ணி."

"பொணத்துக்குக் கண்ணு தெறக்கும். எங்க மாமியாருக்குந் தெறந்துச்சு, நான்தான் மூடுனேன்."

"தம்பின்னாரே."

"உங்க காதுல விழுந்திருக்கும். அவரு சொல்லல."

சடையன் பாவாயி பக்கம் திரும்பினான். "நெசமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. "நெசம் மாமா. அக்காகூட நானுந்தான் இருந்தேன். ரெண்டு பேருமாத்தான் சுருட்டுனோம்."

அவன் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானா என்பது தெரியவில்லை. பிறகு எழுந்து அவர்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் மூங்கில் புதர் மண்டிய ஒரு மேட்டைக் காட்டினான். அத்தாயி அதன்மேல் கையை வைத்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. புறப்படும்போது சடையன் குடிசையைச் சாத்தவில்லை. திறந்தபடி விட்டுவிட்டு அவர்களோடு நடந்தான்.

எல்லையில் வேறு வண்டி மாறி ஏறிய பிறகு, அவன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, பாவாயி கேட்டாள்.

"எப்படிக்கா அப்படிச் சொல்ல வாய் வந்துச்சு?"

"உள்ள கெடக்கற ஆளுக்கு இனிமே ஒண்ணுமில்ல புள்ள. இவரு இன்னும் நடமாடணும்." அத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நல்லா சாப்பாடு போட்டிருப்பாங்கன்னு சொன்னேனே அன்னிக்கு. எந்த வாயால சொன்னேன்."

பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டம் வரும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

சடையன் வந்த அன்றைக்கு லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. தண்ணீர் குடிக்கவிட்டு, மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி ஒன்றுதான்: எங்கே, எப்படி. அவன் ஒவ்வொருத்திக்கும் சொன்னான். உன் புருஷன் தூக்கத்தில் போனான். உன் தம்பி காய்ச்சலில் போனான், நினைவில்லாமல், அம்மா பேரைச் சொல்லிக்கொண்டு. உன் மகனுக்கு நான் வாயில் தண்ணீர் விட்டேன், குடித்துவிட்டுத்தான் போனான். வெள்ளையம்மா, உன் வீட்டுக்காரனுக்குச் சூடம் கொளுத்தினோம். பெண்கள் அழுதார்கள், அழுதபின் அவனுக்குச் சோறு போட்டார்கள். அவன் முன்போல நிறையத் தின்னவில்லை. ஒரு பிடி எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கடைசியில் கங்காணி வீட்டில் கூப்பிட்டார்கள். அவர் சுவரில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். கேட்காத கையை மடியில் எடுத்து வைத்திருந்தார். மனைவி அடுப்படி நிலையில் நின்றாள். சடையன் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"உங்க மகன் மேஸ்திரியா இருந்தாரு ஐயா. கூடாரம் குடுத்திருந்தாங்க. எங்க யாரையும் அடிக்க விடல, குறுக்க வந்து நிப்பாரு. கடைசியில ரெண்டே நாள் காய்ச்சல். நான் பக்கத்துல இருந்தேன். அப்பாவப் பார்த்துக்கச் சொன்னாரு. நல்ல எடமாப் பார்த்து, மரத்தடியில வச்சோம்."

கங்காணி அவனை நன்றாகப் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் யார் உண்மை பேசுகிறான், யார் மழுப்புகிறான் என்று பார்த்தே காலம் கழித்த கண் அது. உதடு ஒரு பக்கமாகத்தான் அசைந்தது, அதனால் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பொய் சொல்ற" என்றார்.

சடையன் தலை குனிந்தான். எழுந்திருக்கப் போனான். கங்காணி நல்ல கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.